ஒட்டப்பட்ட துண்டு: உள்விசாரணையில் எதை ஒப்புக்கொள்வது?

11 பிப்ரவரி 2023, ஆம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி

ஆம்பூருக்கு அருகில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராக வேலை செய்கிறேன். ஜனவரியில் குழந்தைகளுக்கான ஷூ ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புதிய ஊசி கொடுக்க வேண்டும் என்பது விதி. முனை மட்டும் கிடைக்கவில்லை. அன்று மாலைக்குள் கன்டெய்னர் ஏற்ற வேண்டிய நெருக்கடியில், பழைய ஊசி ஒன்றின் முனையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேக்கிங் பிரிவில் மெட்டல் டிடெக்டர் ஒரு ஜோடியில் ஒலி எழுப்பியது. உண்மையான முனை அந்த ஷூவின் லைனிங்குக்குள் இருந்தது. இப்போது குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துத் தற்காலிகமாகப் பணியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். 27ஆம் தேதி விசாரணை. எதையும் ஒப்புக்கொள்ளாதே, நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு, இன்னொரு வாசகரின் பதில்

தம்பி, பழைய ஊசியின் முனையை ஒட்டியதாக நீங்கள் எழுதிய இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால், 2014 செப்டம்பரில் நான் ஒரு தோல்துண்டை ஒட்டினேன்.

அப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். பதினொரு ஆண்டு அனுபவம் இருந்தது. குரோம் பதனிடுதல் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமிலத்தில் ஊறிய தோலை டிரம்மில் போட்டுக் குரோம் கொடுத்தால், அமிலம் இருக்கும்வரை குரோம் தோலின் நடுப்பகுதி வரை ஊடுருவும். பிறகு சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றி, அமிலத்தன்மையைக் குறைத்து, பி.எச். அளவு 2.8-இலிருந்து 3.8 அல்லது 4 வரை மெதுவாக ஏறும்படி செய்தால், உள்ளே போன குரோம் அங்கேயே பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆலையில் அதை மூன்று தவணையாக, அரை மணி நேர இடைவெளியில் ஊற்ற வேண்டும் என்பது முறை. அவசரப்பட்டு ஊற்றினால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்துவிடும். மேலே நீலமாக இருக்கும் தோல் நடுவில் வேகாத சோறாக நிற்கும்.

அன்று இரண்டாவது ஷிப்ட் முடியும் நேரம். வாலாஜாவுக்குப் போகும் கம்பெனிப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. டிரம் ஓட்டுபவரிடம் இரண்டே தவணையில் ஊற்றிவிடும்படி சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். "தம்பி, தோல் அவ்வளவு வேகமாகக் குடிக்காது" என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. டிரம்மில் செய்ததைப் பதிவுசெய்யும் அட்டையில் மூன்று தவணை என்று நேரத்தோடு எழுதிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

மறுநாள் காலையில் பாயில் டெஸ்ட் செய்தேன். தோலில் சிறு துண்டு வெட்டி, தாளில் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கொதிநீரில் சில நிமிடம் விட்டு, மீண்டும் அதே கோட்டின்மேல் வைத்துப் பார்க்கும் சோதனை அது. நன்றாகப் பதனான தோல் கோட்டை விட்டு நகராது. என் துண்டு வாடிய வெற்றிலைபோல் சுருண்டுவிட்டது. அந்த நேரத்தில் மேலாளரிடம் போய்ச் சொல்லியிருந்தால், தோலை மறுபடி டிரம்மில் ஏற்றிச் சரிசெய்ய முயன்றிருக்கலாம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். நான் முந்தைய நாள் தேறிய வேறொரு லாட்டின் துண்டை எடுத்து அட்டையில் ஒட்டி, "சுருக்கம் இல்லை" என்று எழுதினேன்.

தோலைச் சீராகச் சீவும் ஷேவிங் இயந்திரத்தில் போனபோது தோலின் நடு வெளுப்பாகத் தெரிந்தது. சுமார் ஆயிரத்து இருநூறு ஆட்டுத்தோல்கள். இரண்டு தவணைதான் ஊற்றினோம் என்று அண்ணன் சொன்னார். அட்டையில் மூன்று தவணை என்று என் கையெழுத்து இருந்தது. அவர்கள் அட்டையை நம்பினார்கள். அண்ணன் சொன்னபடி செய்யாமல் ஊற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, அவருக்கு நான்கு நாள் சம்பளமில்லாத தண்டனை கொடுத்தார்கள். அந்த நான்கு நாளில் மூன்றாம் நாள், நானே மேலாளர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு எனக்குக் குறிப்பாணை வந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: முழுவதையும் மறுக்காதீர்கள். முழுவதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாவதை ஏன் சொல்கிறேன் என்பதை நாளை எழுதுகிறேன்.

12 பிப்ரவரி

நிரூபிக்க வேண்டியது நிர்வாகம் என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் அதைச் சொல்பவர்கள் குற்றவியல் நீதிமன்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். உள்விசாரணையில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உங்கள் கையெழுத்துள்ள பதிவேடு ஒருபுறம், ஷூவுக்குள் கிடைத்த முனை மறுபுறம். இரண்டையும் மேசைமேல் வைத்தால் உங்கள் மறுப்பு நிற்காது. நிற்காத மறுப்பு இரண்டாவது பொய்யாக அறிக்கையில் ஏறும்.

இரண்டாவது விஷயம். குறிப்பாணையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் படியுங்கள். எனக்கு வந்தது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கொடுத்தார்கள். அதில் ஐந்து வாக்கியம் இருந்தது. முதல் மூன்றும் நான் செய்தவை. நான்காவது, "நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தும் நோக்கத்துடன்" என்று இருந்தது. ஐந்தாவது, "டிரம் இயக்குபவருடன் கூட்டுச் சேர்ந்து" என்று இருந்தது. கடைசி வாக்கியத்தைப் படித்தபோதுதான் விழித்தேன். "எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஏற்கிறேன், மன்னிக்கவும்" என்று நான் எழுதியிருந்தால், ஏற்கெனவே என்னால் நான்கு நாள் கூலி இழந்த மனிதரின் வேலையே போயிருக்கும். அண்ணன் வேகமாக ஊற்றவே கூடாது என்று சொன்னவர். கூட்டு என்ற சொல் அவர்மேல் விழுவதற்கு என் மன்னிப்புக் கடிதமே ஆதாரமாகியிருக்கும்.

இழப்பு ஏற்படுத்தும் நோக்கம் எனக்கு இருந்ததில்லை. பேருந்தைப் பிடிக்கும் நோக்கம் இருந்தது. பிறகு என் பெயரைக் காப்பாற்றும் நோக்கம் இருந்தது. இரண்டையும் அப்படியே எழுதினேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊசி உடைந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்? உங்கள் கேள்வியில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

14 பிப்ரவரி

ஒரு திருத்தம். தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பாதிச் சம்பளம்தான் கிடைக்கும் என்று வேறொருவருக்கு எழுதிய பதிலில் சொல்லியிருந்தேன். தொழிற்சங்கத்தில் இருந்த குடியாத்தத்து அக்கா ஒருவர் அதைச் சரிசெய்திருக்கிறார். தமிழ்நாட்டில் இதற்கென்று 1981-இல் தனிச் சட்டமே இருக்கிறது. முதல் 90 நாளுக்குப் பாதி, அதற்குமேல் 180 நாள்வரை முக்கால் பங்கு, அதையும் தாண்டினால் முழுச் சம்பளம். நாள் நீள்வதற்கு நாமே காரணமாக இருந்தால் கணக்கு மாறும். என் விவகாரம் 74 நாளில் முடிந்துவிட்டதால் எனக்குப் பாதி மட்டுமே தெரிந்திருந்தது. என் அனுபவத்தை எல்லாருக்குமான விதியாக எழுதிவிட்டேன்.

18 பிப்ரவரி

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதற்கு நன்றி, தம்பி. ஒப்பந்தத் தொழிலாளி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வேனில் வருபவர், சம்பவத்துக்கு அடுத்த நாளிலிருந்து "வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறோம்" என்று நிறுத்தப்பட்டவர். அவருக்குக் குறிப்பாணை இல்லை, விசாரணை இல்லை, பாதிச் சம்பளமும் இல்லை. ஊசி உடைந்ததும் அவர் கையைத் தூக்கி உங்களைக் கூப்பிட்டார் என்கிறீர்கள். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதன் பிறகு நடந்தவை அனைத்தும் உங்கள் கையால் நடந்தவை.

இனி உங்கள் விளக்கக் கடிதத்தில் அவர் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு வரியாக இல்லாமல், தனிப் பத்தியாக இருக்கட்டும். ஊசி உடைந்த நேரம், அவர் உடனே தெரிவித்தது, முனையைத் தேடியது, நீங்கள் அவரிடம் "தையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னது, பழைய முனை எங்கிருந்து வந்தது, அதை ஒட்டும்போது அவர் பார்த்தாரா இல்லையா என்பது. பார்த்திருந்தால் பார்த்தார் என்றே எழுதுங்கள். அவரைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய்யைச் சேர்த்தால், அது அவிழும்போது உண்மையும் சேர்ந்து கரைந்துபோகும்.

அக்கடிதத்தில் எழுத வேண்டாத சொற்களையும் சொல்லிவிடுகிறேன். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். ஊசி உடைந்தது தெரியாமல் நடந்தது, ஒட்டியது தெரிந்தே செய்தது. என் முதல் வரைவில் "கவனக்குறைவால் தவறான துண்டு ஒட்டப்பட்டுவிட்டது" என்று எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "ஒட்டப்பட்டுவிட்டது என்றால் யார் ஒட்டினார்கள்?" என்று கேட்டாள். "ஒட்டினேன்" என்று மாற்றி எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

நிர்வாகத்தின் ஆள் யாராவது, "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, விசாரணையே வேண்டாம்" என்று சொல்லித் தட்டச்சு செய்த தாளை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கும் நீட்டினார்கள். அதில் நான்காவது வாக்கியமும் ஐந்தாவது வாக்கியமும் நான் ஒப்புக்கொண்டதாக இருந்தன.

19 பிப்ரவரி

விசாரணைக்குமுன் இருக்கும் நாள்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்டிருந்தீர்கள்.

மோசமாகக் கழித்தேன். 14,200 ரூபாய் சம்பளத்தில் 7,100 வந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தோல் ஆலை வேலை. காலை ஷிப்டுக்கு எல்லாரும் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, கேட்காததே கேட்டதுபோல இருக்கும். முதல் வாரம் பழக்கத்தால் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு பாலாற்றங்கரைவரை நடந்துபோய் மணலைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டாரிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னேன். அதை நம்பிக் கீழாநெல்லி பறித்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள். மறைத்ததற்காக நடக்கும் விசாரணைக்குத் தயாராகிக்கொண்டே இன்னொன்றை மறைத்திருக்கிறேன். என் மனைவிதான் அந்தக் கீழாநெல்லியைத் திருப்பிக் கொடுத்து, உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு தெருவில் நடப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தத் தனிமையில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்ட வாக்கியம், "ஒரு அட்டை விவகாரத்துக்கு இவ்வளவா" என்பது. 2015 ஜனவரி 9 அன்று மறுபடி வேலையில் சேர்ந்தேன். அதே மாதம் 31ஆம் தேதி அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த விபத்துக்கும் என் அட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கத்தில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. தொழிற்சாலையில் எழுதிவைக்கப்படும் ஒவ்வொரு எண்ணையும் நம்பிக்கொண்டு அதன் மறுபக்கத்தில் யாரோ ஒருவர் தூங்குகிறார் என்ற நினைப்பு எனக்குள் வந்துவிட்டது. "ஒரு அட்டை" என்று அதன் பிறகு நான் சொன்னதில்லை. உங்கள் பதிவேட்டின் மறுபக்கத்தில் ஒரு குழந்தையின் பாதம் இருந்தது. மெட்டல் டிடெக்டர் தன் வேலையைச் செய்தது.

23 பிப்ரவரி

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன்.

11ஆம் தேதி நான் எழுதியதில் ஒன்று பொய். "மூன்றாம் நாள் நானே மேலாளர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்" என்று எழுதினேன். அது நடக்கவில்லை. அண்ணன் நான்கு நாளையும் கழித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். ஐந்தாம் நாளும் நான் சொல்லவில்லை. ஆறாம் நாள் வயதான மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, அட்டையை மேசைமேல் வைத்து, ஒட்டியிருந்த துண்டைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது செம்மறி" என்றார். கெட்டுப்போன லாட் வெள்ளாட்டுத் தோல். இரண்டின் மயிர்க்கண்களும் வேறு வேறு விதமாக அமைந்திருக்கும். தோல் தெரிந்தவர் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். அவசரத்தில் முந்தைய நாள் ஓடிய செம்மறி லாட்டிலிருந்து துண்டை எடுத்திருக்கிறேன். ஆய்வகத்தில் பதினொரு ஆண்டு இருந்தவன்.

"நீயாகப் போய்ச் சொல்கிறாயா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று மேஸ்திரி கேட்டார். அதன் பிறகுதான் போனேன். மேலாளரிடம் நானே சொன்னது உண்மை. நானே முடிவெடுத்துப் போனேன் என்பது உண்மையில்லை.

எட்டு ஆண்டுகளில் இந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எந்த ஆண்டில் மேஸ்திரி அதிலிருந்து காணாமல் போனார், எப்போது ஆறாம் நாள் மூன்றாம் நாளாயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு எழுதும்போது பொய் சொல்கிறோம் என்ற உணர்வே எனக்கு இல்லை. 18ஆம் தேதி உங்களிடம் "பார்த்திருந்தால் பார்த்தார் என்றே எழுதுங்கள்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன், மேஸ்திரியின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

இது உங்கள் விசாரணைக்கும் பொருந்தும். மெட்டல் டிடெக்டர் ஒலித்ததற்குமுன் சொன்னீர்களா, பின் சொன்னீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பின்புதான் சொன்னேன் என்று நேராகச் சொல்லுங்கள். "சொல்லத்தான் இருந்தேன்" என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வரும்.

25 பிப்ரவரி

நாளை மறுநாள் விசாரணை என்பதால் நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

தொழிற்சாலையின் நிலையாணைகளை, அதாவது வேலை விதிகளும் தண்டனைகளும் அடங்கிய தொகுப்பை, வாயிலுக்கு அருகில், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2023-இல் நடப்பில் இருக்கும் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. நீங்கள் உள்ளே போக முடியாது என்றால் உங்கள் நண்பரைவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள்மேல் சாட்டப்பட்ட பிரிவு எது, அதற்கு என்னென்ன தண்டனைகள் உண்டு என்று பாருங்கள். வேலையைவிட்டு நீக்குவது ஒன்றுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டு போகிறவன் பயத்தில் தவறாகப் பேசுவான்.

எங்கள் விசாரணை மாடியில் தோல் மாதிரிகள் வைக்கும் அறையில், சுவர் முழுக்க வண்ணத் தோல்கள் தொங்க நடந்தது. விசாரணை அதிகாரி வேலூரிலிருந்து வந்த வழக்கறிஞர், நிர்வாகம் அமர்த்தியவர். எனக்கு உதவியாக உடன் பணியாற்றும் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நன்றாகப் பேசக்கூடியவரைத் தேடாமல், எழுதுவதை வாசித்துச் சரிபார்க்கக்கூடியவரை அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வதை அவர்கள் சுருக்கி எழுதுவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். "இரண்டு தவணை ஊற்றச் சொன்னேன்" என்று நான் சொன்னதை "இரண்டு தவணை ஊற்றப்பட்டதை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தார்கள். அந்த வேறுபாட்டில் அண்ணன் இருந்தார். கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொன்னேன். அதிகாரி முகம் சுளிக்காமல் திருத்தினார். நகல் கேட்டு வாங்கினேன்.

சாட்சிகளை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒப்புக்கொண்ட விஷயத்தில் சாட்சியை மடக்க வேண்டாம். அந்தப் பெண் உடனே கையைத் தூக்கினாரா என்று மட்டும் பக்கத்து இயந்திரத்துக்காரரிடம் கேளுங்கள்.

விசாரணை அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால், தண்டனை முடிவாவதற்குமுன் அதன் நகலைக் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1993-இல் தெளிவாகச் சொன்னது அது. வேலையைவிட்டே நீக்கினால், 2023-இல் இருக்கும் சட்டப்படி, சங்கம் இல்லாமல் தனி ஆளாகவே சமரச அலுவலரிடம் போகலாம். 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம், வேலூரிலேயே இருக்கிறது. தண்டனை மிகையானது என்று கண்டால் குறைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் நீங்கள் சூப்பர்வைசர். மேற்பார்வைதான் உங்கள் முதன்மை வேலை, சம்பளமும் 2023-இன் வரம்பான 10,000 ரூபாய்க்குமேல் என்றால் நீங்கள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டீர்கள் என்று வாதிடுவார்கள். பதவியின் பெயரைவிட, நாள்முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே கணக்கு. நீங்களும் இயந்திரத்தில் உட்கார்ந்து தைப்பவர் என்றால் அதற்கான சான்றுகளை இப்போதே சேர்த்துவையுங்கள்.

போகும்முன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் சாப்பிடாமல் போய், பிற்பகல் இரண்டு மணிக்குக் கேட்ட கேள்விகளுக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பதில் சொன்னேன். அவற்றில் ஒன்றைத் திருத்த இரண்டாவது அமர்வு தேவைப்பட்டது.

28 பிப்ரவரி

படித்தேன், தம்பி. "முன்பு சொல்லவில்லை, மாட்டிய பிறகுதான் சொன்னேன்" என்று நீங்கள் சொன்னதும் அறையில் சற்று நேரம் யாரும் எழுதவில்லை என்கிறீர்கள். அந்த அமைதி எனக்கும் தெரியும். உங்கள் குறிப்பாணையிலும் இருந்த "கூட்டுச் சேர்ந்து" என்ற வாக்கியத்தை மறுத்ததும், பக்கத்து இயந்திரத்துக்காரர் சாட்சி சொன்னதும் பதிவாகியிருப்பது நல்லது. நகலைப் பத்திரமாக வையுங்கள்.

12 மார்ச்

23ஆம் தேதி எழுதிய பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்துக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். இப்போது டிரம் வேலை இல்லை, மகனின் கடையில் கல்லாவில் உட்கார்கிறார். பைகார்பனேட்டும் சுண்ணாம்பும் தின்ற விரல்நகங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இங்கே எழுதியதை அவரிடம் சொன்னேன். மேஸ்திரி அட்டையைக் காட்டியதை மறைத்திருந்ததைச் சொன்னேன். அவர் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, மேஸ்திரி ஏன் அந்த அட்டையை எடுத்தார் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தற்செயலாகப் பார்த்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

தண்டனை முடிந்து திரும்பிய அன்றே அண்ணன் மேஸ்திரியிடம் போயிருக்கிறார். "நான் அவசரமாக ஊற்றினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஊற்றிய தோல் மறுநாள் பாயில் டெஸ்ட்டில் எப்படித் தேறியது?" என்று கேட்டிருக்கிறார். மேலாளரும் விசாரணை அதிகாரியும் நானும் கேட்காத கேள்வி அது. அதன் பிறகுதான் மேஸ்திரி அட்டையைத் தேடி எடுத்திருக்கிறார்.

ஆகவே 12ஆம் தேதிக் குறிப்பையும் நான் திருத்த வேண்டும். ஐந்தாவது வாக்கியத்தை மறுத்து அண்ணனின் வேலையைக் காப்பாற்றினேன் என்ற தொனி அதில் இருக்கிறது. அவரை முதலில் மீட்டவர் அவரே. நான் செய்தது, அவர் மீண்டு வந்த இடத்திலிருந்து மறுபடி தள்ளாமல் இருந்தது. அந்த நான்கு நாள் கூலியைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது என் விசாரணை அறிக்கைக்குப் பிறகு. எனக்கு இரண்டு ஆண்டு சம்பள உயர்வை நிறுத்தி, ஆய்வகத்திலிருந்து பச்சைத்தோல் கிடங்குக்கு மாற்றினார்கள். அதை நான் நியாயமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த நான்கு நாளும் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஷிப்ட் மாறியிருப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனாராம்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "முதல் இரண்டு நாள், நீ சொல்லிவிடுவாய் என்று எதிர்பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து எதிர்பார்க்கவில்லை." நான் கதையில் பொய்யாகப் போட்டுவைத்திருந்த நாளும் மூன்றாம் நாள்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2 ஏப்ரல்

தம்பி, அந்தப் பெண் போன திங்கட்கிழமை முதல் மறுபடி லைனில் உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வராத நாள்களுக்கான கூலி அவருக்குக் கிடைத்ததா என்று அவள் கேட்கிறாள். அதை நீங்கள் எழுதவில்லை. விசாரித்துச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டுமா, தொழிற்சாலையிடம் கேட்க வேண்டுமா என்று குடியாத்தத்து அக்காவுக்குத் தெரியும்.

உங்கள் அறிக்கையின் நகல் வந்துவிட்டது என்கிறீர்கள். முதல் மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணம், நான்காவது நிரூபணமாகவில்லை. பதில் எழுதும்போது நிரூபணமானவற்றைத் திரும்ப வாதாடாதீர்கள். இதுவரையிலான பணிக்காலம், முன்தண்டனை இல்லாதது, நீங்கள் ஒப்புக்கொண்ட பக்கத்தின் எண், இவற்றை மட்டும் எழுதி, தண்டனையைக் குறைக்கக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இறுதி ஆணை கைக்கு வந்ததும், வந்த தேதியை அதன் உறையின்மேல் எழுதிவையுங்கள். நிலையாணையில் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.